வலது பின்சக்கரத்துக் கட்டை

நவி மும்பை கோபர்கைரனேயில் எங்கள் வீட்டுப் பால்கனிக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் ரகம். அதற்கு அண்டை கொடுக்க ஒரு மரக்கட்டை வைத்திருக்கிறேன். ஒன்றரை முழ நீளம். ஒரு முனை அரை அடி உயரம், மறுமுனை தரையோடு தரையாகச் சரிந்து வரும். என்ன மரம் என்று கேட்டால் தெரியாது, அவ்வளவு கறுத்துவிட்டது. மேல்பக்கம் நடுவில் ஒரு பள்ளம், லாரிச் சக்கரம் வருடக்கணக்காக ஏறி ஏறி விழுந்த பள்ளம். ஒரு கதவைப் பிடித்து வைக்க இத்தனை பெரிய கட்டை தேவையில்லை, அரைச் செங்கல் போதும். போன கோடையில் இது வீட்டுக்கு வந்தபோது என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. முதல் மழை விழுந்த மறுநாள்தான் சண்டை ஆரம்பித்தது. காற்றில் ஈரம் ஏறியதும் கட்டை வேர்த்துவிட்டது. முதலில் வெள்ளையாகப் பூத்தது, பிறகு கசிந்தது, பிறகு ஒரு வாசனை கிளம்பிச் சமையலறை வரைக்கும் போனது. வாசனை என்று நான் சொல்கிறேன். அவள் சொன்ன சொல் வேறு.

அது உப்பில் ஊறின ஆட்டுத்தோலின் வாசனை. என் இருபது வயதுகள் முழுக்க அந்த வாசனையில்தான் தூங்கி எழுந்தேன். கட்டை எங்கள் குடும்ப லாரியுடையது. லாரி என் மச்சானுடையது. மச்சான் என்றால் என் லாத்தாவின் கணவர். லாத்தா எனக்கு உடன்பிறந்த மூத்தவள். வாப்பா மௌத்தான பிறகு திருநெல்வேலியிலிருந்து என்னைத் தாராவிக்குக் கூட்டி வந்து, சயானில் கல்லூரிப் படிப்பு முடியும்வரை சோறு போட்டு வைத்திருந்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். அவர்கள் வீட்டில் வளர்ந்து, படித்து, மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயர் ஆனேன். மோதின வண்டி, எரிந்த வண்டி, வெள்ளத்தில் முங்கின வண்டி எல்லாவற்றையும் குனிந்து பார்த்து, இது தேறும், இது தேறாது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன். யார் வாசலில் எந்த வண்டி நின்றாலும் இன்றைக்கும் என் கண் முதலில் அதன் அடிப்பக்கத்துக்குத்தான் போகும். கெட்ட பழக்கம். அந்தப் பழக்கத்தால் ஒரு முறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மச்சான் போய் ஐந்து வருடம் ஆகிறது. அதற்கு முன்பே லாரியின் வயது முடிந்துவிட்டது. இத்தனை பழைய டீசல் வண்டி நகரத்துக்குள் ஓடக் கூடாது என்று ஆனதும், மான்குர்த்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் சிநேகிதர் ஒருவருடைய காலிமனையில் கொண்டுபோய் நிறுத்தினார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார். அவருக்குப் பிறகு போக ஆள் இல்லை. வண்டி வெயிலிலும் மழையிலும் நின்றது.

போன கோடையில் லாத்தாவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, மான்குர்த்துல அந்த எடத்தக் காலி பண்ணணுமாம். மழைக்கு முன்னால வண்டிய எடுத்துரச் சொல்லுதாவ. ஒம் மருமவன் அத ரிப்பேர் பண்ணியே தீரணும்னு நிக்கான். நீ வந்து பாத்துச் சொல்லு. நீ என்ன சொல்லுதியோ அதுதான் முடிவு."

"சரி லாத்தா, ஞாயிற்றுக்கிழமை வர்றேன்."

"அன்னைக்குப் பாத்த மாதிரி பாக்காத. நிதானமாப் பாரு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்றைக்கு என்றால் எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆன விஷயம். எனக்கும் மறக்கவில்லை, அவளுக்கும் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

மச்சான் குட்டையான மனிதர். லாரியில் ஏற அவர் படியில் கால் வைத்தால் பாதி வழியில் தொங்குகிற மாதிரி இருக்கும். இருக்கையில் இரண்டு தலையணை போட்டுத்தான் ஓட்டுவார். வெளியிலிருந்து பார்த்தால் வண்டிக்குள் ஒரு தொப்பியும் இரண்டு கண்ணும் தெரியும். பேச்சு மட்டும் ஆறடி ஆளுக்குரியது. லாரியின் பின்பக்கம் தமிழில் 'பொறுமை கடலினும் பெரிது' என்று எழுதி வைத்திருந்தார். பம்பாயில் பின்னால் வருகிறவன் எவனுக்கு இது படிக்கத் தெரியும் என்று நான் கேட்டதற்கு, "படிக்கத் தெரிஞ்சவன் ஏன் மாப்ள ஹாரன் அடிக்கான்? இது தெரியாம அடிக்கிறவனுக்கு" என்றார். அந்தத் தர்க்கம் இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னபோது மட்டும் சரியாகத்தான் பட்டது.

தேவ்நார் இறைச்சிக்கூடத்தில் ஆட்டுத்தோல் ஏற்றித் தாராவிக்குக் கொண்டுவருவது அவர் தொழில். பச்சைத்தோல் கெடாமலிருக்க அங்கேயே உப்பைத் தேய்த்து அடுக்கிவிடுவார்கள். வழியெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். தோல் கிடங்கு உள்சந்தில் இருந்தது, அங்கே லாரி நுழையாது. ஆகவே எங்கள் வீட்டு வாசலில் லாரியை நிறுத்தி, கைவண்டியில் தோலை மாற்றிக் கொண்டுபோவார்கள். இறக்கி முடித்த பிறகும் மறுநாள் காலைவரை வண்டி வடிந்துகொண்டே இருக்கும்.

எங்கள் தெரு அகலமே லாரி அகலந்தான், ஒரு ஆள் ஒதுங்க இடம் மிஞ்சும். பின்னுக்கு எடுத்துத்தான் உள்ளே வர வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்குத் தெருமுனையில் ஹாரன் கேட்டதும், லாத்தா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசல் மூலையில் கிடக்கும் இந்தக் கட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்குவாள், குடம் தூக்குகிற மாதிரி. லாரிக்குப் பின்னால் நின்று, "வரட்டும், வரட்டும், கொஞ்சம் ஒடிங்க, வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே வருவாள். வாசல் நேருக்கு வந்ததும் லாரியின் வயிற்றில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அறை. வண்டி நிற்கும். வலது பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் சரிப்பாள். இரண்டு அறை. மச்சான் அரையடி பின்னால் விட்டுச் சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்றுவார். வண்டி அப்படியே எங்கள் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஆட்களைப் போட்டு வேலை வாங்குகிற எந்த லாரிக்காரரும் அந்தத் தெருவில் இவ்வளவு சுத்தமாக வண்டி நிறுத்தியதில்லை.

எதற்கு இந்தக் கட்டை என்று கேட்டால், "ஹேண்ட்பிரேக் சரியில்ல மாப்ள. உருண்டுபோய் எவன் வீட்டுக்குள்ளயாவது நுழைஞ்சிரும்" என்பார். தெருவுக்கே இது தெரியும். ஹேண்ட்பிரேக் லாரிக்காரர் என்றே அவருக்குப் பட்டப்பெயர். ரிப்பேர் பண்ணக் கூடாதா என்று கேட்பவர்களிடம், "பண்ணணும், பண்ணணும்" என்று முப்பது வருடம் சொன்னார்.

எங்களுக்கு நேர் எதிரே, தெருவைத் தாண்டினால் வாசல், எதிர்வீட்டு அக்கா இருந்தார். அவரும் திருநெல்வேலிப் பக்கந்தான். கணவரை இழந்தவர், இட்லி போட்டு விற்றுப் பிழைத்தவர். விடியுமுன்னே அவர் வாசலில் ஆவி பறக்கும். அலுமினியக் குண்டானைத் தலையில் வைத்துக்கொண்டு மணி அடித்துத் தெருத்தெருவாக விற்கிற ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். நோன்பு நாளில் எங்கள் வீட்டுக் கஞ்சி ஒரு தூக்கு அங்கே போகும். அங்கிருந்து தினமும் காலையில் எனக்கு ஆறு இட்லி வரும். எங்கள் வாசலில் தேங்கி நிற்கிற உப்புத் தண்ணீரை ஒரே தாவாகத் தாண்டி, அக்கா கொடுத்த இட்லியை மென்றுகொண்டே நான் கல்லூரிக்கு ஓடுவேன். எத்தனை வருடம் அப்படித் தாவினேன். அந்தத் தண்ணீர் ஏன் எங்கள் பக்கம் மட்டும் தேங்குகிறது என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. படித்தவன் பாருங்கள்.

என் கல்யாணத்துக்கும் அந்த லாரிதான் வந்தது. அப்படி ஏற்பாடு இல்லை. பெண் வீடு செம்பூர், மாமனாருக்கு ஆபீஸ் உத்தியோகம். பெண்ணை அழைத்து வரக் கார் பேசியிருந்தோம். அன்றைக்குப் பார்த்து மழை கொட்டி, சயானில் தண்ணீர் நின்று, கார் வந்து சேரவில்லை. மச்சான் லாரியை மூன்று தரம் கழுவி, மேலே பாய் விரித்து, முன்பக்கம் முழுக்க ஒரு சீசா அத்தரைக் கொட்டிக் கொண்டுவந்துவிட்டார். உப்புத்தோல் வாசனை மட்டும் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அத்தரும் சேர்ந்ததும் அது ஒரு தனி ரகம். புதுப்பெண் ஏறி உட்கார்ந்தாள், முக்காட்டுத் துணியால் மூக்கைப் பொத்தினாள், தாராவி வரும்வரை கையை எடுக்கவில்லை. மச்சான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அவர்தான் ஓயாமல் பேசுவார், அன்றைக்குப் பேசவில்லை. தண்ணீருக்குள் ஓட்டுகிற கவனம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இனி, வாயைக் கொடுத்த கதை. எனக்குக் கல்யாணமாகி, நாங்கள் செம்பூருக்குக் குடிபோய் நாலைந்து வருடம் ஆகியிருந்தது. சர்வேயர் கை அப்போதுதான் பழகியிருந்தது. ஊரில் உள்ள வண்டி எல்லாம் என் கையெழுத்துக்காகக் காத்திருப்பதாக ஒரு நினைப்பு. ஒரு நாள் மத்தியானம் தனியாகத் தாராவிக்குப் போயிருந்தேன். வாசலில் லாரி நின்றது. தோல் முதலாளி வந்திருந்தார், கைவண்டிக்காரர்கள் இருந்தார்கள், எதிர்வீட்டு அக்கா படியில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நான் பழக்க தோஷத்தில் குனிந்து அடியில் பார்த்தேன். லாரிக்கு நீளவாக்கில் அடியில் இரண்டு இரும்புச் சட்டம் ஓடும். மேலே உள்ளதெல்லாம் அந்த இரண்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வலது சட்டம் நன்றாக இருந்தது. இடது சட்டம் துருவேறி, விரலால் சுரண்டினால் பொருக்கு பொருக்காகக் கையோடு வந்தது.

நான் நிமிர்ந்து, கையைத் தட்டிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "மச்சான், வண்டி வயசாகித் துருப்பிடிச்சா ரெண்டு பக்கமும் பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் இப்படி அரிச்சிருக்குன்னா, ஓட்டுறவர் அந்தப் பக்கம் ஒரு நாளும் கழுவல, பாக்கலன்னு அர்த்தம். எங்க ரிப்போர்ட்ல இதுக்குப் பேரு அலட்சியம். சுத்தச் சோம்பேறித்தனம்."

மச்சான் சிரித்தார். "மாப்ள படிச்சவரு. அவரு கண்ணுக்குத் தெரியுறது நமக்குத் தெரியுமா?" என்று முதலாளியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, எனக்குத் தேநீர் சொல்லப் போனார். லாத்தா வாசலில் நின்று என்னையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மச்சான் கையை லேசாக அமர்த்தினார், அவள் உள்ளே போய்விட்டாள். முதலாளி அந்த மாதத்திலிருந்து பாதி லோடை வேறொரு லாரிக்கு மாற்றினார் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும். அந்த நோன்பு மாதம் முழுக்க லாத்தா என்னோடு பேசவில்லை. மச்சான் மட்டும் போன் செய்து, "நோன்பு தொறக்க வரலியா மாப்ள, ஒங்க லாத்தா வாடா சுட்டு வச்சிருக்கா" என்று கூப்பிட்டார். போய் உட்கார்ந்து தின்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும், உள்ளதைத்தானே சொன்னேன் என்று இருந்தேன். மச்சான் கபரில் அடங்கும்வரை அப்படியே இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மான்குர்த் போனபோது லாத்தா எனக்கு முன்னால் வந்து, மனையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகன், என் மருமகன், வண்டி பழுது பார்க்கும் ஒரு மிஸ்திரியோடு நின்றான். மருமகன் பிரியாணிக் கடை வைத்திருக்கிறான். நல்ல பிள்ளை, வாப்பா மேல் உயிர். லாரியைப் பழுது பார்த்து, நகரத்துக்குள் ஓடாவிட்டாலும் இன்ஜினாவது உறுமுகிற மாதிரி செய்து, கடை வாசலில் நிறுத்த வேண்டும் என்பது அவன் ஆசை. கடையை விரிவாக்க வைத்திருந்த பணத்தை முழுதாக இதில் போடத் துணிந்துவிட்டான்.

"மாமா, ஃபுல் பாடி ஒர்க் பண்ணிரலாம். பெயின்ட் அடிச்சா ஏக்தம் புதுசு. வாப்பாவோட வண்டிய எப்படி மாமா பழைய இரும்புன்னு பங்கார்ல போடுறது? நீங்க ஒரு வார்த்த ஓகே சொல்லுங்க, போதும்."

நான் லாரியைப் பார்த்தேன். பச்சை நிறம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. பின்னால் 'பொறுமை' மட்டும் மிஞ்சியிருந்தது, கடலும் பெரிதும் உதிர்ந்துவிட்டன. கண்ணாடி போன முன்கதவைத் திறந்தேன். மச்சானின் இரண்டு தலையணையும் அப்படியே இருந்தன, அதன் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது என்னைக் கோபமாகப் பார்த்தது. கதவை மெதுவாகச் சாத்தினேன். வலது பின்சக்கரத்துக்கு அடியில், பாதி மண்ணில் புதைந்து, கட்டை கிடந்தது. மேடு பள்ளமில்லாத காலிமனை அது. இறங்கும் சரிவும் இல்லை, எதிர்வீடும் இல்லை. அங்கேயும் மச்சான் லாரியைக் கட்டை மேல் ஏற்றித்தான் நிறுத்தியிருந்தார்.

மிஸ்திரி சுத்தியலோடு அடியில் நுழைந்தார். நானும் நுழைந்தேன். அறுபது வயதுக்கு மேல் லாரிக்கு அடியில் போவது எளிது, வெளியே வருவதுதான் கஷ்டம். வலது சட்டத்தில் தட்டினார், கோயில் மணி மாதிரிக் கணீரென்றது. இடது சட்டத்தில் தட்டினார், நனைந்த அட்டைப் பெட்டியில் தட்டின மாதிரிச் சத்தமே இல்லை. சுத்தியல் முனை உள்ளே போய் மாட்டிக்கொண்டது. "லெஃப்ட் சைடு கதம் சாப்" என்றார் மிஸ்திரி. முன்னாலிருந்து பின்னால்வரை இடது சட்டம் முடிந்துபோயிருந்தது. அதை மாற்ற வேண்டுமென்றால் மேலே உள்ள அத்தனையையும் பிரித்துப் புதுச் சட்டத்தின் மேல் கட்ட வேண்டும். மருமகனின் சேமிப்பை விழுங்கிவிட்டு, கடைசியில் புதுப் பெயின்ட் வாசனை அடிக்கிற வேறொரு லாரிதான் மிஞ்சும். தேறாது. என் தொழிலில் இதைவிடச் சுலபமான தீர்ப்பு எழுதினதில்லை.

ஆனால் அங்கே மல்லாந்து படுத்துக்கொண்டிருந்தபோது வேறொன்று உறுத்தியது. மச்சான் வண்டியின் அடியைக் கழுவி, பழைய இன்ஜின் ஆயில் தடவுவதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும்தான் தடவுவார். வலது சட்டத்தில் அந்த ஆயில் இன்னும் கறுப்பாகப் படிந்திருந்தது. கழுவாத மனிதர் ஒரு பக்கத்தை மட்டும் எப்படி இவ்வளவு நன்றாக வைத்திருப்பார்? அப்புறம் ஹேண்ட்பிரேக். வருடா வருடம் ஆர்.டி.ஓ.வில் ஓட்டிக் காட்டி, பிரேக் பிடித்துக் காட்டி, தகுதிச் சான்றிதழ் வாங்கி வந்த வண்டி இது. முப்பது வருடம் ஹேண்ட்பிரேக் கெட்டிருந்தால் ஒரு வருடமாவது திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்களா? ஊரில் உள்ள வண்டிக்கெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டவன், வீட்டு வண்டிக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்து, முழங்காலில் மண்ணைத் தட்டிக்கொண்டு, லாத்தாவின் பக்கத்தில் ஒரு டயர் மேல் உட்கார்ந்தேன். "லாத்தா, ஹேண்ட்பிரேக் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இப்பம்தான் கேக்கத் தோணிச்சா?"

மருமகனும் வந்து நின்றான். லாத்தா அவசரப்படாமல் சொன்னாள்.

"நம்ம தெரு எதிர்வீட்டுப் பக்கமா எறக்கம். வண்டிய சும்மா நிறுத்துனா தோல் தண்ணி அம்புட்டும் அந்த அக்கா வாசல்லதான் வடியும். வடிஞ்சிச்சு. மொத நாலு மாசம் வடிஞ்சிச்சு. இட்லி வாங்க வாரவன் மூக்கச் சுளிச்சிக்கிட்டு வேற எடம் போனான். அந்த அக்கா ஒரு வார்த்த கேக்கல. தண்ணிப் பஞ்சத்துல, குடிக்க வச்ச தண்ணிய ஊத்தி வாசலக் கழுவுதாவ. ஒம் மச்சான் ஒரு நாள் அதப் பாத்துட்டாவ. மறுநாள் இந்தக் கட்டையச் சீவிக்கிட்டு வந்துட்டாவ. நம்ம பக்கம் சாச்சி நிறுத்துனா நம்ம வாசல்ல வடியும். நம்ம பொழப்பு, நம்ம வாசல்ல நாறட்டும்னு சொன்னாவ."

"அதச் சொல்லியிருக்கலாமே. அன்னைக்கு நான் அத்தன பேர் முன்னால பேசும்போது ஒரு வார்த்த சொல்லியிருந்தா?"

"அந்த அக்கா அங்கனதானே இருந்தாவ, உளுந்து பொடச்சிக்கிட்டு? அந்த அக்காவுக்காக வண்டி அரிச்சுப்போச்சுன்னு அவ்வோ காதுபடச் சொல்லச் சொல்லுதியா? மறுநாள் காலம்பற எங்களுக்கு இட்லி எந்த மொகத்தோட குடுப்பாவ? நான் சொல்லத்தான் வந்தேன். ஒம் மச்சான்தான் வேண்டாம்னுட்டாவ. 'அந்த அக்கா இருக்குதவரைக்கும் வாயத் தொறக்காத'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாவ." முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள். "போன மழையில எதிர்வீட்டு அக்காவும் போய்ச் சேந்துட்டாவ. இனி சொல்லலாம்."

வெட்கம் என்றால் சும்மா வெட்கமில்லை, அந்த லாரிக்கு அடியிலேயே திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. துருவைப் பார்த்தே வண்டியின் கதை சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசினவன் நான்.

"வண்டி தேறாது லாத்தா," என்றேன்.

"அது எனக்குத் தெரியும். உப்பு இரும்ப விட்டு வைக்குமா? தெரிஞ்சிதானே சாச்சி வச்சோம். வண்டிக்காக ஒன்னயக் கூப்பிடல தம்பி. இவன் ஆசப்படுதான், வாப்பா பேரு நிக்கணும்னு. இரும்புக்குப் பெயின்ட் அடிச்சா பேரு நிக்குமா? நீ அன்னைக்கு ஒரு பேரு வச்ச. பத்துப் பேருக்கு முன்னால வச்ச. அத எடு. எல்லா வண்டிக்கும் எழுதிக் குடுத்தியே, அதே மாதிரி இதுக்கும் எழுதிக் குடு."

பையில் எப்போதும் ஒரு எழுதும் அட்டையும் தாளும் இருக்கும், ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இத்தனை வருட வேலையில் தமிழில் ஒரு ரிப்போர்ட்டும் எழுதினதில்லை. டயர் மேல் உட்கார்ந்தே எழுதினேன். வண்டி எண் எழுதினேன். உரிமையாளர் பெயர் எழுதினேன். பழுதின் தன்மை: இடது அடிச்சட்டம் முழுவதும் உப்பால் அரிக்கப்பட்டுள்ளது. பழுதின் காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதினேன்: 'எதிர்வீட்டு வாசலில் தோல் தண்ணீர் வடியக் கூடாது என்பதற்காக உரிமையாளரும் அவர் மனைவியும், வண்டி கெடும் என்று தெரிந்தே, பல வருடங்கள் அதைத் தங்கள் பக்கம் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். ஹேண்ட்பிரேக் நல்ல நிலையில் இருந்தது. பராமரிப்பில் அலட்சியம் எதுவும் இல்லை. இந்த வண்டியைப் பற்றி முன்பு நான் வாயால் சொன்ன அபிப்பிராயம் முழுத் தவறு. அதற்காக வருந்துகிறேன்.' கீழே கையெழுத்துப் போட்டு, பழைய சர்வேயர் லைசென்ஸ் எண்ணையும் எழுதினேன். அது காலாவதியாகிவிட்டது. பரவாயில்லை.

மருமகன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தான். அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும். "நீங்களே படிங்க மாமா" என்றான். சத்தமாகப் படித்தேன். மிஸ்திரியும், மனைக்காரரும், தேநீர் கொண்டுவந்தவரும் நின்று கேட்டார்கள், பாதிப் பேருக்கு மொழி தெரியாது. லாத்தா இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். இரண்டாம் தரம் 'முழுத் தவறு' என்ற இடம் வந்ததும் தலையை ஆட்டிக்கொண்டாள். தாளை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள்.

"ஃபிரேம் போட்டுக் கடையில மாட்டுறேன்மா" என்றான் மருமகன். அவன் கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணும் மாட்டாண்டாம். தமிழெழுத்துப் படிச்சிட்டு வா. வந்து எனக்கு வாசிச்சிக் காட்டு, அப்பம் தாரேன்" என்றாள். பிறகு எழுந்து நின்று, லாரியின் வயிற்றில் உள்ளங்கையால் ஒரு அறை அறைந்தாள். துரு உதிர்ந்தது. "வெட்டச் சொல்லு. அந்தக் கோழி குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் வெட்டட்டும்."

கோழிக்காகப் பதினோரு நாள் காத்திருந்தோம். லாரி போனது. கட்டையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இதையெல்லாம் நான் மனைவியிடம் சொல்லவில்லை. அன்றைக்கு நான் பேசின பேச்சைச் சொல்லியாக வேண்டும் என்பதால் சொல்லவில்லை. முதல் மழை வந்து, கட்டை வேர்த்து, "ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று அவள் நின்றபோது வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே பால்கனித் தரையில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்:

"கல்யாணத்தன்னிக்கு லாரியில நான் மூக்கப் பொத்திட்டு வந்தேனே. மச்சான் பாத்திருப்பாங்களா?"

"அதுக்கப்புறம் நீயும் நானும் தாராவிக்கு எத்தன தடவ போயிருக்கோம்," என்றேன். "ஒரு நாளாவது அந்த லாரி வாசல்ல நின்னதா?"

அவள் யோசித்தாள். பெருநாளுக்குப் போனது, பிள்ளைக்குப் பெயர் வைக்கப் போனது, சும்மா போனது எல்லாவற்றையும் யோசித்திருப்பாள். நானும் யோசித்தேன். நான் தனியாகப் போன நாட்களில்தான் லாரி அங்கே நின்றிருக்கிறது. பிறகு அவள் தன் பழைய துப்பட்டாவை எடுத்து வந்து, கட்டையில் பூத்திருந்த உப்பைத் துடைத்து, அதைத் திரும்பவும் கதவுக்கு அடியில் வைத்தாள்.